மணலோடையின் இரண்டு வரிகள்

மணலோடை நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில், பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருந்த கணினிக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு இருந்தது. அந்தக் கோப்பில் இரண்டே வரிகள் இருந்தன. இரண்டு வரியிலும் ஊரின் பெயர் ஒன்றுதான், அதற்கு முன்னால் இருந்த எண்கள்தான் வேறு வேறு. மேல்வரியின் எண் ஊரின் நடப்புப் பதிவுகள் இருக்கிற லைவ் சர்வருக்கு வழிகாட்டியது, கீழ்வரியின் எண் புதுப் படிவங்களைப் போட்டுப் பார்ப்பதற்கென்று வைத்திருந்த டெஸ்ட் சர்வருக்கு வழிகாட்டியது. எந்த வரியின் தலையில் நெடுக்கே இரண்டும் குறுக்கே இரண்டுமாகக் கோடுபோட்ட குறி நிற்கிறதோ அந்த வரி கணினியின் கண்ணில் படாது. சன்னல் கம்பிபோல இருந்ததால் அலுவலகத்தில் எல்லோரும் அதைக் கம்பி என்றே சொன்னார்கள். கம்பியை ஒரு வரியிலிருந்து எடுத்து இன்னொரு வரிக்குப் போடுவது சுடர்க்கொடியின் வேலை. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த அவளைத் தவிர அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றுகூட அங்கே யாருக்கும் தெரியாது.

டெஸ்ட் சர்வரில் ஊரின் பழைய நகல் ஒன்று இருந்தது. ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை எடுத்த நகல் அது. மறுநாள் செவ்வாய்க்கிழமை காலையில் மணலோடையிலிருந்து கல்யாணத்துக்குக் கிளம்பிய மினி பஸ் பிரேக் பிடிக்காமல் கல்குவாரிக் குட்டைக்குள் இறங்கியது. முப்பத்தொரு பேர் போனார்கள். நகர்மன்றத் தலைவர் சங்கிலிமுத்துவின் ஒரே மகள் தேன்மொழி அதில் இருந்தாள். கல்யாண மண்டபத்துப் பம்பு மோட்டாரைப் பார்க்கப் போன பிச்சைமணி இருந்தான். பிச்சைமணி சுடர்க்கொடியின் கணவன், மோட்டாருக்குக் காயில் என்கிற செப்புச்சுருள் கட்டுகிறவன். அவன் போய்ப் பன்னிரண்டாம் நாள்தான் தன் வயிற்றில் பிள்ளை இருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. நிறைமதி என்று பெயர் வைத்தாள்.

பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்த மாசியில், ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, அந்த நகல் எடுத்த பிறகு முதல்தடவையாக, புதிய பிறப்புச் சான்றிதழ் படிவத்தைச் சோதிப்பதற்காக அவள் மேல்வரிக்குக் கம்பி போட்டாள், கீழ்வரியின் கம்பியை எடுத்தாள், கோப்பைச் சேமித்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அப்போது பேருந்து நிலையத்தில் அந்த மினி பஸ் வந்து நின்றது. முப்பத்தொரு பேரும் பட்டுப்புடவையும் பூவுமாக இறங்கினார்கள், வெயில் கொளுத்துகிறதே என்று சொல்லிக்கொண்டே அவரவர் தெருவுக்குள் நடந்தார்கள். டீக்கடைக்காரர் அவர்களைப் பார்த்தார், எண்ணிப் பார்த்தார், பால் போதாது என்று இன்னொரு பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றினார். பஸ்ஸில் போனவர்கள் மட்டுமல்ல. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு நோயிலும் வயதிலும் போன நாற்பத்தாறு பேரும் அவரவர் கட்டிலில், அவரவர் நாற்காலியில், அன்றைக்கு இருந்த இருமலோடும் வலியோடும் இருந்தார்கள்.

பிச்சைமணி நகராட்சிப் படிகளில் ஏறி வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். தோளில் கருவிப்பை தொங்கியது.

"சாப்பிட்டியா?" என்றான்.

"இப்பதான் தொறந்தேன். நீங்க?"

"காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல. நல்ல பசி."

அவள் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் அவன் போய்விடுவான் என்று பயந்தாள். அவன் தயிர்சாதத்தைப் பிசைந்து இரண்டாவது வாய் எடுக்கும்போது அவளுடைய போன் அடித்தது. பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து அக்கா. பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

"சுடரு, புள்ளயக் காணோம்! தூளிய ஆட்டிக்கிட்டே இருக்கேன், திடீர்னு கனம் இல்ல. எதுத்த வீட்டுப் புள்ளயும் இல்லயாம். தெருவே கத்துது, வா சீக்கிரம்!"

சுடர்க்கொடி கணினியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். ஏழு வருடம் அந்த இரண்டு வரிகளோடு இருந்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு பிறந்த எந்தக் குழந்தையும் அந்த நகலில் இல்லை. அவள் கம்பிகளை இடம் மாற்றிச் சேமித்தாள். போனுக்குள் நிறைமதி வீறிட்டு அழுத சத்தம் கேட்டது. பெஞ்சில் யாரும் இல்லை. அவன் கையில் எடுத்த சோறு டப்பாவிலேயே இருந்தது.

அரை மணி நேரத்தில் சங்கிலிமுத்து படியேறி வந்தார். அறுபது வயது மனிதர், மகள் போனதிலிருந்து செருப்புப் போடுவதை விட்டிருந்தார்.

"என் மக வீட்டுக்கு வந்தா. தண்ணி குடுங்கப்பான்னு கேட்டா. செம்பு எடுத்துட்டு வர்றதுக்குள்ள இல்ல. நீ என்னம்மா செஞ்ச?"

அவள் சொன்னாள். அவர் வரிகளைப் பார்த்தார், எதையும் சந்தேகிக்கவில்லை.

"இன்னொரு தடவ எடு."

"குழந்தைங்க போயிடுதுங்க ஐயா."

"திரும்பி வந்துடுச்சுல்ல?"

வந்துவிட்டன, ஒரு கீறல்கூட இல்லாமல். தன் வீட்டுக்காரன் கையில் பிசைந்த சோறு அவள் கண்ணுக்குள் இருந்தது. அவள் எடுத்தாள்.

இப்படித்தான் மணலோடையில் தினமும் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கீழ்வரியின் கம்பியை எடுத்துவைக்கும் பழக்கம் வந்தது. ஊர் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. இரண்டு மணிக்கு நகராட்சிச் சங்கு ஒலிக்கும். அதற்குள் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, துணி மாற்றி, தூளியிலோ பாயிலோ கிடத்தி, கை விலகி நின்றுகொள்வார்கள். மடியில் இருக்கும்போது பிள்ளை போனால் மடி குளிர்ந்துவிடும் என்பதால் யாரும் மடியில் வைத்திருக்கமாட்டார்கள். பள்ளிக்கூடங்கள் காலையில் மட்டும் நடந்தன. புற்றுநோயில் செத்த வாத்தியாரின் பிள்ளைகள் ஒன்றே முக்காலுக்கே மாத்திரையும் வெந்நீருமாகக் கட்டிலருகே காத்திருந்தார்கள், ஏனென்றால் அவர் வந்தவுடனேயே வலியில் முனகத் தொடங்குவார். வேண்டாம், அவரை விட்டுவிடுங்கள் என்று அவர் மனைவி மட்டும் நகராட்சிக்கு வந்து அழுதாள், ஆனால் ஒருவரை மட்டும் விடுவதற்குக் கோப்பில் வழி இல்லை. பஸ்ஸில் கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ரெஜினாவின் இரண்டாவது கணவர் லூர்து, சங்கு ஒலிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய், கடிகாரத்துக்குக் கீழே நான்கு மணிவரை உட்கார்ந்திருப்பார். யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. செத்தவர்களிடம் செத்துவிட்டீர்கள் என்று சொல்லக் கூடாது என்பதை யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை, ஆனாலும் ஊரில் ஒருவர்கூட வாய்தவறிச் சொல்லவில்லை.

இரண்டு வரியின் கம்பியையும் சேர்த்தே எடுத்தால் என்ன என்று சுடர்க்கொடி ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். தகப்பன் மடியில் பிள்ளையை வைத்து ஒரு நிமிடம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. கணினி மேல்வரியை மட்டும் படித்துவிட்டு நின்றுகொண்டது. கீழ்வரியை மேலே கொண்டுவந்தால் அதை மட்டும் படித்தது.

சித்திரையில் இரண்டு மணி நேரம் போதாது என்றார்கள். காலை பத்து மணிக்கே சங்கு ஊதினார்கள். வைகாசியில் விடிந்ததும் எடுத்து, விளக்கு வைக்கும்போது போடுவது என்றானது. செத்தவர்களுக்குப் பகல் முழுவதும், பிள்ளைகளுக்கு இரவு முழுவதும் என்று கேட்பதற்கு நியாயமான பங்கீடாகத்தான் இருந்தது. தாய்மார்கள் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தார்கள். பிள்ளைகள் வெளிறிப்போயின. டியூப்லைட்டைப் பார்த்துச் சிரிக்கப் பழகின. பக்கத்து ஊரில் அதே வாரம் பிறந்தவை எழுந்து நடந்தபோது மணலோடைப் பிள்ளைகள் அப்போதுதான் தவழ்ந்தன. பகலெல்லாம் அவை எங்கும் இல்லை, எங்கும் இல்லாத நேரத்தில் வளர முடியவில்லை. நிறைமதிக்கு ஒரு வயது முடிந்த அன்றைக்கு அவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு இரவு ஊர்க் கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்கள். சங்கிலிமுத்து எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். ஆவணி ஒன்றாம் தேதி எடுக்கிற கம்பியை அதற்குப் பிறகு போடவே வேண்டாம் என்றார். இனிமேல் பிறக்கிற குழந்தைகள் அந்த நகல் ஊரிலேயே பிறக்கும், அவற்றுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

"பொறந்த குழந்தைங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கலைமதி என்று பெயர், தறிப்பட்டறையில் வேலை பார்ப்பவள், ஐந்து மாதக் கைக்குழந்தைக்காரி. "இருநூத்திப் பதினாலு பேரு இருக்காங்கய்யா."

"நீங்கள்லாம் சின்ன வயசும்மா," என்றார் சங்கிலிமுத்து. அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க மறுபடி பெத்துக்குவீங்க. என் மக மறுபடி பொறக்கமாட்டா."

கலைமதி தன் மாமியாரைப் பார்த்தாள். மாமியாரின் தம்பி பஸ்ஸில் போனவர். மாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன்மார்கள் கைகட்டி நின்றார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. தீர்மானம் நிறைவேறியது, எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள்.

விடிவதற்கு முன்னால் பிள்ளையின் பொருட்களை ஒளித்துவைப்பது சுடர்க்கொடியின் வழக்கம். தூளியை அவிழ்த்துவிடுவாள், கிலுகிலுப்பையைப் பீரோவுக்குள் வைப்பாள். ஆவணி பிறப்பதற்கு மூன்று நாள் இருந்தபோது கொடியில் காய்ந்த ஒரு சின்னக் கவுனை எடுக்க மறந்துவிட்டாள். அன்றைக்கு மூன்று மணி சுமாருக்குப் பிச்சைமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சி மாடிக்கு வந்தான்.

"இது யாரோடது?"

"பாத்திமுத்து அக்கா பேத்தியோடதா இருக்கும்."

"அக்கா பேத்தி ஆறாவது படிக்குது."

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் அவரவர் செத்தவர்களோடு வீட்டில் இருந்தார்கள்.

"எனக்கு ராத்திரியே வரமாட்டேங்குது புள்ள," என்றான் அவன். "ரெண்டு மாசமா யோசிச்சுப் பாக்குறேன். கடைய சாத்துறேன், உடனே விடிஞ்சிருது. காயிலுக்கு வார்னிஷ் அடிச்சா ஒரு ராத்திரி காயணும். காயவே இல்ல. எட்டு மோட்டார் ஈரமாவே கெடக்கு. ஊர்ல அத்தன பேரும் என்னைய விருந்தாளி மாதிரி பாக்குறாங்க. நீ என்னைய ஒருநாளாச்சும் திட்டினியா? ரெண்டு மாசமா ஒரு வார்த்த திட்டல."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அந்தப் பஸ்ஸு குட்டைல எறங்கினது எனக்கு நெனப்பு இருக்கு," என்றான். "கனவுன்னு நெனச்சேன்."

நகல் எடுத்த பிறகு நடந்தது அது. அவனுக்கு எப்படி நினைவிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்: இரண்டு வரிகள், கம்பி, பகலில் இல்லாமல் போகிற பிள்ளைகள், மண்டபத்துத் தீர்மானம். அவன் கேட்டு முடித்தான். பிறகு கவுனை முழங்கால்மேல் விரித்து, சுருக்கங்களை உள்ளங்கையால் நீவினான்.

"பொண்ணா?"

"ஆமா."

"போட்டோ காட்டு."

அவள் போனை எடுத்துக் காட்டினாள். தூளி இருந்தது, பாய் இருந்தது, பாத்திமுத்து அக்காவின் விரித்த கைகள் இருந்தன. எந்தப் படத்திலும் பிள்ளை இல்லை. அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"வாயால சொல்லு."

"உங்க காது. மேல மடிஞ்சிருக்கும். கோவம் வந்தா சத்தம் போடமாட்டா, மூக்கு மட்டும் சிவக்கும். பல்லு இன்னும் வரல. கட்டெறும்பப் பாத்தா பயப்படமாட்டா, புடிச்சு வாய்ல போடப் போவா. பேரு நிறைமதி."

அவன் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். சிறிது நேரம் சிரித்தான். அப்புறம் எழுந்து அவளை நாற்காலியிலிருந்து நகரச் சொல்லிக் கணினிமுன் உட்கார்ந்தான்.

"அந்த வரிய அழிச்சுட்டா?"

"அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. டெஸ்ட் சர்வர் வச்சுக் குடுத்த கம்பெனி மூடிட்டாங்க. அது எந்த ஊர்ல, எந்தக் கட்டடத்துல ஓடுதுன்னு யாருக்கும் தெரியாது. இந்த நம்பர் ஒண்ணுதான் வழி."

"அப்ப அழிக்கணும்."

"உங்களோட இன்னும் எழுபத்தாறு பேரு இருக்காங்கங்க. அவங்களக் கேக்க வேணாமா?"

அவன் சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். எதிர்ச்சாரியில் தேன்மொழி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளையல் கடைக்குள் போய்க்கொண்டிருந்தாள். அவர் வெறுங்காலோடு பின்னால் போனார்.

"கேட்டா யாரு சரின்னு சொல்லுவா?" என்றான். "நான்கூட அந்தக் கவுனப் பாக்கலன்னா சொல்லியிருக்கமாட்டேன். இது தப்புதான். தப்புன்னு தெரிஞ்சே செய்யுறேன்."

வார்னிஷ் கறுத்த விரலால் அவள் காட்டிய பொத்தானை அவன் அமுக்கினான். ஊரின் பெயர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்து மறைந்தது, பிறகு எண்கள் மறைந்தன, கீழே வெறும் வெள்ளை இருந்தது. மேல்வரியின் தலையில் இருந்த கம்பியையும் அவனே எடுத்தான்.

"இன்னும் இங்கதான இருக்கேன்?"

"சேவ் பண்ணணும்."

"அது எது?"

அவள் சொல்லவில்லை. அவன் அவளைப் பார்த்தான், பொத்தான்களைப் பார்த்தான், கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி. அத நீ பண்ணு," என்றான். "வீட்டுக்குப் போயி அவளத் தூக்கிட்டு வெளிய வா. வெயிலக் காட்டு."

அவள் அவன் தோள்மேல் சாய்ந்து, அவனுக்கு இரண்டு பக்கமும் கை நீட்டி, சேமிப்பதற்கான இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அமுக்கினாள். சாய்ந்திருந்த தோள் இல்லாமல் போகவே நாற்காலியின் முதுகில் நெஞ்சு இடித்தது.

அன்று மூன்று நாற்பதுக்கு இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளும் மணலோடையில் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அழுதன. மாதக்கணக்கில் பகலைப் பார்க்காத கண்கள் கூசின. தாய்மார்கள் முந்தானையால் அவற்றின் முகத்தை மூடியபடி வாசலில் நின்றார்கள். அதே தெருக்களில் அந்த எழுபத்தேழு பேரின் வீடுகளில் வேறு அழுகை எழுந்தது. புற்றுநோய் வாத்தியாரின் மனைவி மட்டும் அழாமல், கட்டிலின் விரிப்பை உருவித் துவைக்கப் போட்டாள். லூர்து பேருந்து நிலையத்தில் ஆறரை மணிவரை உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சங்கு ஊதவில்லை, அதனால் அவருக்குத் தெரியவில்லை.

சங்கிலிமுத்து ஒற்றை வளையலைக் கையில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"நம்பர் என்ன?"

"மறந்துடுச்சு ஐயா."

அவர் அவளை அடிக்கவில்லை. மற்றவர்கள் அவள் வீட்டின் மேல் கல் எறிந்தார்கள், தண்ணீர்க் குழாயை உடைத்தார்கள், வேலையிலிருந்து நீக்கினார்கள். எந்தப் பிள்ளைக்காரியும் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கலைமதி மட்டும் ஒருநாள் வாசலில் வந்து நின்று, எதுவும் சொல்லாமல், ஒரு தூக்கு நிறையக் கஞ்சி வைத்துவிட்டுப் போனாள். புரட்டாசியில் சுடர்க்கொடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு மாவட்டம் தாண்டி ஒரு ஊருக்குப் போனாள். ஜெராக்ஸ் கடையில் வேலை கிடைத்தது. அங்கே நிறைமதிக்குப் பல் முளைத்தது, நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள்.

ஆறு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கிலிமுத்து அந்த வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். மிகவும் மெலிந்திருந்தார், இன்னமும் வெறுங்கால்தான். சுள்ளென்று எரிந்த வெயிலில் நிறைமதி வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். அவர் அவளைத் தாண்டி உள்ளே வந்து, சுடர்க்கொடி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"நீ மறக்கல," என்றார்.

சுடர்க்கொடி சுவரோரம் நின்றாள். அழித்த வரியின் நான்கு எண்களும் அவள் நாக்கின் நுனியில் இருந்தன, பஸ்ஸில் போகும்போதும் சோறு பொங்கும்போதும் இருந்தன, ஒரு கணினிமுன் உட்கார்ந்து அரை நிமிடம் தட்டினால் பிச்சைமணி வாசலில் வந்து சாப்பிட்டியா என்பான்.

"மறக்கல ஐயா."

"எனக்குச் சொல்லவேணாம். நீ சொல்லமாட்டேன்னு தெரியும்." அவர் செம்பைத் தரையில் வைத்தார். "உன் மகளுக்கு ஒரு கொறையும் வரவேணாம். நல்லா இருக்கட்டும். ஆனா அது சிரிக்கிற ஒவ்வொரு தடவையும் என் மக நெனப்பு உனக்கு வரணும். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"வருது ஐயா," என்றாள் அவள். "ஒவ்வொரு தடவையும் வருது."

அவர் தலையசைத்தார். போதும் என்பதுபோலவும் இருந்தது, போதாது என்பதுபோலவும் இருந்தது. எழுந்து வாசலுக்குப் போனவர் பாண்டிக் கட்டங்களை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். நிறைமதி ஒற்றைக்காலில் நின்றபடியே அவர் போவதைப் பார்த்தாள்.

"யாரும்மா அது?"

"நம்ம ஊர்க்காரர்," என்றாள் சுடர்க்கொடி.